பீன்ஸில் எத்தனை கலோரி? காயையும் பயறையும் குழப்பிக்கொள்ளும் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை. போன மாதம் போனில் "பீன்ஸ் கலோரி" என்று தேடியிருக்கிறார். நூறு கிராமுக்கு 333 என்று வந்திருக்கிறது. அன்றோடு அவர் வீட்டில் பீன்ஸ் பொரியல் நின்றுபோயிற்று. "அரிசியே பரவாயில்லை போலிருக்கே" என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அவர் பார்த்தது ராஜ்மாவின் கணக்கு, அதுவும் வேகவைக்காத, காய்ந்த ராஜ்மா. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த காயில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் பாதிக் கேள்விகள் கிளம்புகின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பீன்ஸில் எத்தனை கலோரி? ஒரே எண்ணைச் சொல்லுங்கள்.

ஒரே எண் இல்லை, மூன்று எண் உண்டு. கடையில் கால் கிலோ வாங்கி நார் உரித்து நறுக்குகிறோமே, அந்தப் பச்சை பீன்ஸ் 100 கிராமில் 31 கலோரி. வெந்த ராஜ்மா 100 கிராமில் 127. வேகாத காய்ந்த ராஜ்மா 100 கிராமில் 333.

வேடிக்கை என்னவென்றால், பச்சை பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே செடியினம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகமெல்லாம் பரவிய செடி அது. பிஞ்சாகப் பறித்துத் தோலோடு சமைத்தால் காய்கறி. செடியிலேயே முற்றிக் காயவிட்டு விதையை எடுத்தால் பயறு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் பீன்ஸ் என்ற ஒரே சொல். நமக்குக் காய் வேறு, பயறு வேறு. தமிழ்நாட்டில் "பீன்ஸ்" என்றால் காயைத்தான் நினைப்போம், இலங்கையில் அதையே போஞ்சி என்பார்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அங்கே "பீன்ஸ்" என்றிருப்பது பல நேரம் பயறு. எண்ணைப் பார்க்கும் முன் அது காயா பயறா, பயறென்றால் காய்ந்ததா வெந்ததா என்று பாருங்கள்.

பாக்கெட்டில் "கிலோகலோரி" என்று போட்டிருக்கிறதே, அது ஆயிரம் மடங்கா?

இல்லை. பேச்சில் நாம் கலோரி என்பதும் பாக்கெட்டில் அச்சிட்ட கிலோகலோரியும் ஒன்றுதான்.

காய்ந்த ராஜ்மாவில் 333, வெந்ததில் 127. வேகும்போது மீதி எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை, தண்ணீர் உள்ளே வருகிறது. அக்காவை நம்பவைக்க என் சமையலறைத் தராசை எடுத்துவைத்து அவர் முன்னாலேயே செய்து காட்டினேன். 100 கிராம் ராஜ்மாவை எடை போட்டு ராத்திரி ஊறவைத்தோம். காலையில் தண்ணீரை வடித்து எடை போட்டால் இருநூறைத் தாண்டி நின்றது. குக்கரில் வேகவைத்து மறுபடி வடித்துப் பார்த்தோம்: 255 கிராம். இப்போது கணக்குப் போடுங்கள். 255 கிராம் வெந்த ராஜ்மாவை 100 கிராமுக்கு 127 என்ற கணக்கில் பெருக்கினால் 324 வரும். கிட்டத்தட்ட அந்தப் பழைய 333 தான். அதே கலோரி அதிக எடையில் பரவியிருக்கிறது, அவ்வளவே.

எல்லாப் பயறும் ஏறக்குறைய இப்படித்தான். வெந்தால் இரண்டரை மடங்கு, சில பயறு மூன்று மடங்கு. அதனால் குழம்பில் எவ்வளவு பயறு சாப்பிட்டோம் என்று தெரியவேண்டுமானால், ஊறவைக்கும் முன்பே எடை போட்டு வீட்டிலுள்ளவர்கள் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். வெந்ததைக் கரண்டியால் அளந்து திண்டாட வேண்டாம்.

சரி, பச்சை பீன்ஸில் வெறும் 31 கலோரி என்றால் அதில் சத்தே இல்லையா?

நூறு கிராமில் 90 கிராம் தண்ணீர். மீதிப் பத்து கிராமில் மாவுச்சத்து 7 கிராம், புரதம் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். அந்த 7 கிராம் மாவுச்சத்தில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து. வைட்டமின் சி 12 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. வைட்டமின் கே நன்றாகவே உண்டு. ஃபோலேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

புரதத்துக்காகப் பச்சை பீன்ஸ் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். கால் கிலோ சாப்பிட்டாலும் ஒரு முட்டைப் புரதம் தேறாது. அதை நார்ச்சத்துக்காகவும், தட்டை நிறைக்கவும், வயிறு நிறையவும் சாப்பிடலாம். அதுவே பெரிய உபகாரம்.

பொரியல் செய்தால் கலோரி ஏறிவிடுமா?

ஏறும், ஆனால் பழி பீன்ஸின் மேல் இல்லை. நான்கு பேர் வீட்டுக்கு ஒரு பொரியலை எடுத்துக்கொள்வோம். பீன்ஸ் 250 கிராம்: 77 கலோரி. தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்: 240. கடைசியில் தாராளமாகத் தூவும் தேங்காய்த் துருவல் 40 கிராம்: 140. தாளிப்புக்கு உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் 10 கிராம்: 35. மொத்தம் 492, தலைக்கு 123. இதில் பீன்ஸின் பங்கு ஆளுக்கு இருபதுகூட இல்லை!

அதே பொரியலில் எண்ணெயை இரண்டு தேக்கரண்டியாக்கி, தேங்காயை 20 கிராமாக்கினால் மொத்தம் 260 சொச்சம், தலைக்கு 65. ருசி குறையுமா என்றால், கொஞ்சம் குறையும்தான். நான் எண்ணெயைக் குறைத்துத் தேங்காயை விட்டுவைப்பேன். மூடிபோட்டு, கை தெளித்த தண்ணீரில் வேகவிட்டால் பீன்ஸுக்கு அவ்வளவு எண்ணெய் தேவையே இல்லை.

பருப்பு உசிலி வேறு கணக்கு. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்துச் சேர்ப்பதால் கலோரி கூடும், கூடவே புரதமும் கூடும். காயை மட்டும் சாப்பிடுவதைவிட அது முழுமையான சாப்பாடு. ஆனால் உதிரி உதிரியாக வர எண்ணெய் இழுக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பயறில் எவ்வளவு?

வேகவைத்து வடித்த பின் 100 கிராமுக்குச் சொல்கிறேன். பச்சைப்பயறு 105 கலோரி, புரதம் 7 கிராம். தட்டைப்பயறு, அதாவது காராமணி, 116 கலோரி, புரதம் 7.7. மொச்சை 117 கலோரி, புரதம் 8. ராஜ்மா 127 கலோரி, புரதம் 8.7. கொண்டைக்கடலை 164 கலோரி, புரதம் 9 சுற்றி. பார்த்தால் கொண்டைக்கடலையைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, பெரிய வித்தியாசமில்லை. இதில் எது "சூப்பர் உணவு" என்று அடித்துக்கொள்வது வீண். ஊரில் எது நன்றாகக் கிடைக்கிறதோ, வீட்டில் எதைப் பிள்ளைகள் ஒதுக்காமல் சாப்பிடுகிறார்களோ அதுதான் நல்ல பயறு.

கூட்டத்தில் தனித்து நிற்பது சோயா. வெந்த 100 கிராமில் 172 கலோரி, புரதம் 17 கிராம் அளவில், கொழுப்பு 9 கிராம். மற்றப் பயறுகளில் கொழுப்பு மிகக் குறைவு, சோயா எண்ணெய் வித்தும்கூட.

பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் எல்லாம் காய்கறிக் கணக்கா, பயறுக் கணக்கா?

காய்கறிக் கடையில் விற்பதால் காய்கறி என்று நினைத்து ஏமாறக்கூடாது. தோலை உரித்து உள்ளே இருக்கும் விதையைத்தானே சமைக்கிறோம், அது பயறுக் கணக்கு. பச்சையாகக் கிடைக்கும் டபுள் பீன்ஸ் விதை 100 கிராமில் 110 கலோரிக்குச் சற்று மேலும், 7 கிராம் அளவுக்குப் புரதமும் இருக்கும். பச்சை மொச்சையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் சமயத்தில் மொச்சைக் குழம்பு வைத்துவிட்டுக் கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தால், காயே இல்லாத சாப்பாடு என்றுதான் அர்த்தம்.

அவரைக்காய், கொத்தவரங்காய், பிஞ்சுக் காராமணிக்காய் இவற்றைத் தோலோடு சமைப்பதால் பச்சை பீன்ஸ் பக்கம் சேருங்கள்.

ராஜ்மா புரதம் இறைச்சிக்குச் சமமா?

அளவில் நெருங்கலாம், தரத்தில் தனியாக நின்றால் கொஞ்சம் குறை. ஒரு கப் வெந்த ராஜ்மா 177 கிராம் இருக்கும்; 225 கலோரி, 15 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் என்றால் இரண்டரை முட்டைக்கு இணை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். ஒரு கப் ராஜ்மா அதில் நல்ல பங்கை அடைத்துவிடும்.

தரம் என்றேனே, அது அமினோ அமிலங்களின் சங்கதி. பயறுகளில் மெத்தியோனின் குறைவு, லைசின் நிறைய. அரிசி, கோதுமையில் நேர்மாறு, லைசின்தான் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். வெண்பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும், இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வது இதற்குத்தான் என்று யாரும் நம் பாட்டிகளுக்குச் சொல்லித்தரவில்லை, சேர்ந்துவிட்டது. ஒரே வேளையில் சேரவேண்டும் என்றும் இல்லை, அந்த நாளுக்குள் இரண்டும் போனால் போதும்.

சர்க்கரை நோயாளிகள் பயறு சாப்பிடலாமா? அதிலும் மாவுச்சத்து இருக்கிறதே?

சாப்பிடலாம், ஆனால் சோற்றுக்கு மேல் அல்ல, சோற்றைக் குறைத்துக்கொண்டு. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் 205 கலோரி, மாவுச்சத்து 45 கிராம், நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது, புரதம் 4. ஒரு கப் ராஜ்மாவில் கலோரி 225, மாவுச்சத்து 40, ஆனால் அந்த நாற்பதில் 13 கிராம் நார்ச்சத்து, புரதம் 15. கலோரியைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் நடத்தை வேறு. பயறின் மாவு மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை படிப்படியாக ஏறும். அக்காவுக்கு நான் சொன்னது: பீன்ஸ் பொரியலைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், பயறு வைக்கும் நாளில் சோற்றுக் கரண்டியில் ஒன்றைக் குறையுங்கள். மாத்திரை, ஊசி போடுபவர்கள் சாப்பாட்டை மாற்றும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு.

பயறு சாப்பிட்டால் எடை குறையுமா?

பயறு எதையும் கரைப்பதில்லை. பசியைத் தள்ளிப்போடும். சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டவருக்கு ஆறு மணிக்கு பஜ்ஜிக்கடை வாசனை அவ்வளவாக இழுக்காது. அதுதான் ரகசியம்.

வாயுத் தொல்லை ஏன் வருகிறது? வராமல் என்ன செய்வது?

பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரை வகைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு விருந்து. அவை தின்றுவிட்டு வாயுவை வெளியிடுகின்றன. நுண்ணுயிரிகளுக்கு அது நல்லதே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் சங்கடம்.

இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஒரு பகுதி போய்விடும். பெருங்காயம், இஞ்சி, சீரகம் போடுவதை விடாதீர்கள். பயறே தொடாதவர் ஒரே நாளில் ஒரு கப் சாப்பிட்டால் வயிறு உப்பத்தான் செய்யும். இரண்டு கரண்டியில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டுங்கள், குடல் பழகிக்கொள்ளும்.

ஊறவைத்த தண்ணீரோடு சத்தும் போய்விடாதா?

கொஞ்சம் போகும், பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதியும் பொட்டாசியமும். புரதமும் நார்ச்சத்தும் அப்படியே இருக்கும். ராஜ்மாவுக்குக் கட்டாயம் கொட்டுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

சரியாக வேகாத ராஜ்மா விஷம் என்கிறார்களே, புரளியா?

புரளி இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பச்சை ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் என்ற புரத வகையைச் சேர்ந்த நச்சு அதிகம். வேகாத நான்கைந்து பருப்பே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான குமட்டல், வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள், ஆனால் அந்தச் சில மணி நேரம் பெரும்பாடு.

நன்றாகக் கொதித்தால் இந்த நச்சு அழிந்துவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவேண்டும். நம் பிரஷர் குக்கரில் சூடு நூறு டிகிரியைத் தாண்டுவதால் விசில் விட்டு மசிய வேகவைத்தால் கவலை இல்லை. ஆபத்து எங்கே என்றால், மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பாத்திரங்களில். வெளிநாட்டில் இருப்பவர்கள் காலையில் ஸ்லோ குக்கரில் ஊறின ராஜ்மாவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அது கொதிநிலைக்கு வராமல் எண்பது டிகிரியிலேயே நின்றால் நச்சு அழிவதற்குப் பதில் பல மடங்கு வீரியமாகும். மெத்தென்று ஆகிவிட்டதே என்று நம்பவும் கூடாது. முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டு அப்புறம் அதில் போடுங்கள்.

நானே ஒருமுறை ஒரு விருந்தில் அவசரத்தில் இறக்கிய ராஜ்மா சாலட்டைச் சாப்பிட்டுவிட்டு அந்த இரவைக் குளியலறையில் கழித்தேன். கடிக்கும்போதே நடுவில் நறுக்கென்று இருந்தது. மரியாதைக்காக விழுங்கினேன். அந்த மரியாதை இனி கிடையாது.

எவ்வளவு விசில் விட்டாலும் ராஜ்மா வேகமாட்டேன் என்கிறதே?

பழைய சரக்காக இருக்கும், அல்லது உப்புத் தண்ணீர் வரும் ஊராக இருக்கும். இன்னொரு காரணம் தக்காளி, புளி. புளிப்பு சேர்ந்தால் தோல் இறுகிவிடும், பயறு வெந்த பிறகே சேருங்கள். ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் தயமின் வைட்டமின் அடிபடும். நான் போடுவதில்லை, இன்னும் ஒரு மணி நேரம் ஊறட்டும் என்று விடுவேன்.

முளைகட்டினால் புரதம் கூடுமா?

மறுபடி அதே தண்ணீர் வேடிக்கை. முளைகட்டிய பச்சைப்பயறு 100 கிராமில் 30 கலோரியும் 3 கிராம் புரதமும்தான். காய்ந்த பயறில் 347 கலோரி, 24 கிராம் புரதம். முளை நீண்டு தண்ணீர் குடித்ததால் எடை பெருத்திருக்கிறது, புரதம் புதிதாக முளைக்கவில்லை. கூடுவது வைட்டமின் சி. இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. அந்த அளவுக்கு லாபம். கர்ப்பிணிகளும் முதியவர்களும் பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள், முளைகட்டும் அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும்.

பயறில் இரும்புச்சத்து இவ்வளவு இருந்தும் எனக்கு ஏன் ரத்தசோகை?

தாவர இரும்பு முழுதாக உடலில் ஒட்டுவதில்லை. கூடவே வைட்டமின் சி போனால் நன்றாக ஒட்டும். சுண்டலில் எலுமிச்சை பிழிவதும் மாங்காய் துருவிப் போடுவதும் ருசிக்கு மட்டும் இல்லை. சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பது நேரெதிர் வேலை. சுண்டலும் டீயும் நமக்குப் பிரிக்கமுடியாத ஜோடி என்று தெரியும், இருந்தாலும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடப் பாருங்கள். ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு, பரிசோதித்துக்கொள்ளாமல் பயறையே நம்பி இருக்காதீர்கள்.

டின்னில் வரும் பீன்ஸ்?

அவசரத்துக்கு ஆகும். ஏற்கெனவே வெந்தது, நச்சுப் பயம் இல்லை. உப்புத்தான் அதிகம். தண்ணீரை வடித்து, குழாயடியில் அலசினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு போய்விடும். தக்காளிச் சாற்றில் வரும் இனிப்பு வகையில் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள், லேபிளைப் பாருங்கள்.

யாரெல்லாம் கவனமாக இருக்கவேண்டும்?

சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பயறின் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சிக்கல் தரலாம். எவ்வளவு என்று அவர்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும். வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் பச்சை பீன்ஸை நிறுத்தவேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் அறவே இல்லாமலும் அடுத்த வாரம் தினமுமாகவும் மாற்றி மாற்றிச் சாப்பிடக்கூடாது. வைட்டமின் கே ஏறியிறங்கினால் மாத்திரையின் வேலையும் ஏறியிறங்கும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே காலையில் குப்பூஸோடு தரும் "ஃபூல்" ஃபாவா பீன்ஸில் செய்வது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் ஃபூல் பக்கம் போகவே வேண்டாம். நம் ராஜ்மாவுக்கும் பச்சை பீன்ஸுக்கும் அந்தத் தடை கிடையாது.

கடையில் நல்ல பீன்ஸை எப்படிப் பார்த்து எடுப்பது?

ஒன்றை எடுத்து ஒடியுங்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. ரப்பர் மாதிரி வளைந்தால் வாடியது. மேலேயே விதை முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் முற்றல், நார் கையோடு வரும். அதைக் கடைக்காரர் விலை குறைத்துக் கொடுத்தால் வாங்கித் தோலை உரித்து, விதையை மட்டும் சாம்பாரில் போடுங்கள். கலோரியை மட்டும் அப்போது பயறுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.